தர்பூசணி: அறுக்கலாமா, இன்னும் விடலாமா?

தொட்டிச்செடி | ஞாயிறு, காலை 8.10

எல்லோருக்கும் வணக்கம். நேற்று என் முதல் தர்பூசணியை அறுத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய உருண்டை, கரும்பச்சைப் பட்டை, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. வெட்டினால் உள்ளே வெளிறிய ரோஜா நிறம். கறுப்பு விதை ரகம் என்று வாங்கியது, விதை அத்தனையும் வெள்ளை. வாயில் போட்டேன், வெள்ளரிக்காய்.

விதைப் பாக்கெட்டில் ‘80 நாள்’ என்று போட்டிருந்தது. 80ஆம் நாள்தான் அறுத்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னும் மூன்று கொடியில் இருக்கின்றன. பெரியது பந்தலில், வலைப்பையில் தொங்குகிறது. நடுத்தரம் ஒன்று செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. சின்னது ஒன்று தரையில், இலைகளுக்கு அடியில். அது இருப்பதே போன வாரம்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை வெளியூர் கிளம்புகிறேன், அடுத்த புதன்தான் திரும்புவேன். எதை அறுத்துவிட்டுப் போவது, எதை விட்டுவிட்டுப் போவது? சந்தேகமாக இருப்பதை அறுத்து வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடாதா?

---

கொடிக்கால் | ஞாயிறு, காலை 8.45

தம்பி, பாக்கெட்டைப் பார்த்த நேரத்துக்குப் பழத்தைத் தட்டியிருக்கலாம். நடுவிரலை மடக்கி மொளியால் தட்டுங்கள். ‘ணங்’ என்று உலோகம் மாதிரி கேட்டால் காய். ‘டொம்’ என்று உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஆழமாகக் கேட்டால் பழம். ‘தொப்’ என்று ஈரத்துணியை அடித்தது போலக் கேட்டால் காலம் கடந்துவிட்டது. முப்பது வருடமாக எனக்கு வேறு கருவி கிடையாது.

---

சும்மா_பார்க்கிறேன் | ஞாயிறு, காலை 9.02

கொடிக்கால் ஐயா, நான் தட்டினால் எல்லாமே ‘டக்’ என்றுதான் கேட்கிறது. காதைப் பரிசோதிக்க வேண்டுமா, பழத்தையா?

---

நாட்குறிப்பு | ஞாயிறு, காலை 9.30

தொட்டிச்செடி, உங்கள் மேல் தப்பில்லை. பாக்கெட்டில் இருக்கும் நாள் கணக்கு பலரையும் கவிழ்த்துவிடுகிறது. சில ரகத்துக்கு விதை போட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள், சிலவற்றுக்கு நாற்று நட்ட நாளிலிருந்து. எப்படி எண்ணினாலும் அது கொடியின் வயதுதானே? நீங்கள் அறுத்தது காயை.

ஒரு கொடியில் முதல் பெண் பூ 40ஆம் நாள் வரலாம், தேனீ வராமல் அது உதிர்ந்து போகலாம், பத்து நாள் கழித்து வந்த பூ பிஞ்சாகலாம். பாக்கெட் அச்சடித்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒரே கொடியில் தொங்கும் மூன்று காய்க்கும் மூன்று பிறந்தநாள். எண்ண வேண்டியது பூ மலர்ந்து பிஞ்சு பிடித்த நாளிலிருந்து. கைக்குள் அடங்கும் சின்ன ரகங்களுக்கு அங்கிருந்து ஏறத்தாழ 30 நாள், உங்களுடையது போன்ற நடுத்தர, பெரிய ரகங்களுக்கு 35 முதல் 45 நாள்.

பெண் பூ எப்போது மலர்ந்தது என்று எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா?

---

தொட்டிச்செடி | ஞாயிறு, காலை 9.41

இல்லை அக்கா. மலர்ந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி.

---

விதைநெல் | ஞாயிறு, காலை 10.15

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அறுத்துவிட்டால் தர்பூசணி அதற்கு மேல் இனிக்காது. அரிசிப் பானைக்குள் வைத்தாலும் சரி, வைக்கோலில் மூடினாலும் சரி.

வாழைக்காயும் மாங்காயும் மரத்திலிருந்து இறங்கும்போதே மாவுச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகின்றன. வீட்டில் இருக்கும் நாட்களில் அந்த மாவு சர்க்கரையாக மாறுகிறது, அதனால்தான் புளித்த காய் இனிக்கிறது. தர்பூசணிக்கு அப்படி ஒரு சேமிப்பே கிடையாது. இலையில் உண்டாகும் சர்க்கரை காம்பு வழியாக நேராகப் பழத்துக்கு வருகிறது. காம்பை வெட்டினால் வரவு நின்றுவிடும். இளஞ்சிவப்பாக அறுத்தது வீட்டில் இருந்தால் கொஞ்சம் சிவக்கலாம், அதைப் பார்த்துப் பழுத்துவிட்டது என்று நினைப்போம். நாக்குக்கு வித்தியாசமே இருக்காது.

இன்னொன்று. காய் ஆள் வளர்ந்த பிறகுதான் இனிப்பு சேரும். முதலில் குளுக்கோசும் ஃபிரக்டோசும்தான் உள்ளே இருக்கும், சுக்ரோஸ் கூடுவது கடைசிக் கட்டத்தில். உங்கள் முதல் காய் முழு உருவத்துக்கு வந்தும் வெள்ளரியாக இருந்தது அதனால்தான். உருவம் முன்னால் போய்விட்டது, இனிப்பு பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தது.

---

தொட்டிச்செடி | ஞாயிறு, மதியம் 1.20

ஒரு நல்ல செய்தி! கைப்பேசியில் பழைய படங்களைத் துழாவினேன். பெரிய காயின் பூ மலர்ந்த அன்றே படம் எடுத்திருக்கிறேன். மஞ்சள் பூ விரிந்திருக்கிறது, அதன் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ரோமம் போர்த்திய பிஞ்சு தெளிவாகத் தெரிகிறது. இன்றைக்கு 33 நாள்.

செங்கல் மேல் இருப்பது வேறொரு படத்தின் ஓரத்தில் எலுமிச்சை அளவில் தெரிகிறது. அது எடுத்து 24 நாள். நேற்று அறுத்தேனே, அதுவும் அதே படத்தில் பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் எலுமிச்சை அளவுதான். சின்னதற்கு எந்தப் படமும் இல்லை.

---

நாட்குறிப்பு | ஞாயிறு, மதியம் 2.05

போதும், கேஸ் முடிந்தது. எலுமிச்சை அளவுக்கு வர நான்கைந்து நாள் பிடித்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், நேற்று அறுத்தது 28 நாள் காய். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருந்திருக்க வேண்டியது.

நான் இன்னொரு கணக்கும் பார்ப்பேன். பூ மலர்ந்த நாளிலிருந்து தினசரி சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால், பெரிய ரகத்துக்குக் கூட்டுத்தொகை 1000 பாகை செல்சியஸ் பக்கம் வரும்போது பழம் தயாராக இருக்கும். ஜப்பானிய விவசாயிகளிடம் பரவலாக உள்ள முறை இது. சராசரி 28 பாகை என்றால் 36 நாள். அதே ரகம் 22 பாகையில் வளர்ந்தால் 45 நாள். ‘35 முதல் 45’ என்று நான் முன்னே இழுத்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான். உங்களிடம் சராசரி எவ்வளவு?

---

தொட்டிச்செடி | ஞாயிறு, மதியம் 2.30

பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 27 வருகிறது.

---

நாட்குறிப்பு | ஞாயிறு, மதியம் 2.38

அப்படியானால் 33 × 27 = 891. இன்னும் நான்கு நாளில் 999. வியாழக்கிழமை மாலை பெரியதை அறுங்கள். செங்கல்காரர் அன்றைக்கு 33 நாளில்தான் இருப்பார். நீங்கள் திரும்பி வரும்போது 39 ஆகியிருக்கும், அவரை விட்டுவிட்டுப் போங்கள்.

---

கொடிக்கால் | ஞாயிறு, மாலை 5.50

அம்மா, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் இலையில் சாம்பல் நோய் வந்து பாதி இலை கருகிப்போயிருந்தால் 1000 என்ன, 1200 வந்தாலும் இனிக்குமா? வாரம் முழுக்க மேகம் மூடினால்? வெப்பமானி வெயிலைப் பார்ப்பதில்லை. பழம் என்ன சொல்கிறது என்று பழத்திடம்தான் கேட்க வேண்டும்.

---

நாட்குறிப்பு | ஞாயிறு, மாலை 6.15

ஐயா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நாள் கணக்கு எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்லும். அதற்கு முன்னால் தட்டிப் பார்ப்பதும் கிள்ளிப் பார்ப்பதும் வீண் வேலை. அந்த நாள் நெருங்கிய பிறகு காம்பு, தோல், மண் தொட்ட பக்கம் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் காதை மட்டும் நம்பமாட்டேன், அதில் உங்களோடு எப்போதும் சண்டைதான்.

---

வேலிப்படல் | ஞாயிறு, இரவு 9.00

பற்றுக்கம்பியை யாரும் இன்னும் சொல்லவில்லையே. காய்க்காம்பு கொடியோடு சேரும் கணுவைப் பாருங்கள். அதே கணுவில் ஒரு சுருள் இருக்கும். அது பச்சையாக இருந்தால் காயைத் தொடாதீர்கள். நுனியிலிருந்து பழுப்பேறி, கணு வரைக்கும் காய்ந்து, விரலால் தொட்டால் ஒடிகிற மாதிரி ஆனால் பழம் தயார்.

---

தொட்டிச்செடி | திங்கள், காலை 6.50

வேலிப்படல் அண்ணா, படம் போட்டிருக்கிறேன். பெரிய காயின் சுருள் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அப்படியானால் வியாழக்கிழமை அறுக்கக் கூடாதா?

---

வேலிப்படல் | திங்கள், காலை 7.30

தம்பி, நீங்கள் படம் எடுத்தது அடுத்த கணுவின் சுருள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமிட்ட இடத்துக்கு இடது பக்கம், கொடியின் அடியை நோக்கி ஒரு விரல் நீளம் தள்ளிக் காம்பு கிளம்புகிறது. அங்கே இலைக்காம்புக்குப் பின்னால் கம்பி மாதிரி ஒன்று மடங்கிக் கிடக்கிறதே, அதுதான் உங்கள் ஆள். பாதிக்கு மேல் பழுப்பு.

இந்தத் தப்பு எல்லோருக்கும் வரும். கொடியின் நுனிப்பக்கச் சுருள்கள் எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும், இளசு அல்லவா.

---

விதைநெல் | திங்கள், காலை 8.10

சுருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில ரகங்களில் சுருள் முழுக்கக் காய்ந்த பிறகும் பழம் தேற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீர்ப் பஞ்சத்திலும் நோயிலும் அது முன்கூட்டியே காய்ந்துவிடும், தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். புதிய ரகம் என்றால் முதல் வருடம் சுருள் காய்ந்த நாளையும் அறுத்த நாளையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் உங்களுக்கென்று ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

சுருளோடு சேர்த்துக் காம்பையும் பாருங்கள். பிஞ்சில் காம்பு முழுக்கப் பூனைமுடி இருக்கும். பழுக்கப் பழுக்க அது உதிர்ந்து காம்பு மழமழவென்று ஆகிவிடும்.

---

வேலிப்படல் | திங்கள், காலை 8.40

சரிதான். தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் காயை ‘எண்ணெய் தடவின மினுமினுப்பு’ என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா? படித்தபோதே காய் என்று தெரிந்துவிட்டது. பழுத்த தோல் மங்கிவிடும், மேலே மெல்லிய மாவு படிந்தது போல. கடையில் பளபளக்கும் பழத்தைத் தேடி எடுப்பவர்கள் காயைத் தேடி எடுக்கிறார்கள்.

மண் தொட்ட பக்கம் இளங்காயில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்கும். பிறகு பாலேடு நிறம், பிறகு வெண்ணெய் நிறம், நன்றாகத் தேறியதில் மஞ்சள். பார்ப்பதற்காகக் காயை முழுசாகப் புரட்டாதீர்கள், காம்பு முறுக்கிக்கொள்ளும். லேசாகச் சாய்த்து எட்டிப் பார்த்தால் போதும்.

---

தொட்டிச்செடி | திங்கள், காலை 9.15

பெரியது தொங்குகிறது. அதற்கு மண் தொட்ட பக்கமே இல்லையே?

---

வேலிப்படல் | திங்கள், காலை 9.22

அதற்கு இந்தச் சாட்சி கிடையாது. நாள், சுருள், காம்பு, தோல் மங்கல், இவற்றை வைத்துத்தான் தீர்ப்பு. செங்கல்காரருக்கும் தரையில் இருப்பவருக்கும் பாருங்கள்.

---

தொட்டிச்செடி | திங்கள், மாலை 6.40

பார்த்தேன். செங்கல் மேல் இருப்பதற்கு அடிப்பக்கம் பாலேடு நிறம், சுருள் நுனி மட்டும் பழுப்பு. சரி, எதிர்பார்த்ததுதான்.

ஆனால் சின்னதைச் சாய்த்தபோது தூக்கிவாரிப்போட்டது. அடிப்பக்கம் நல்ல ஆழ்மஞ்சள். சுருள் கறுத்து நூல் மாதிரி ஆகிவிட்டது, தொட்டதும் உதிர்ந்தது. காம்பில் ஒரு ரோமம் இல்லை. கடைசியாகக் காய்த்தது என்று நான் நினைத்தது இதைத்தான்!

---

நாட்குறிப்பு | திங்கள், மாலை 7.05

அது கடைக்குட்டி இல்லை, மூத்த பிள்ளை. கொடி சின்னதாக இருந்தபோது அடிக்கணுவில் பிடித்த காய். அப்போது அதை வளர்க்கப் போதுமான இலை இல்லை, அதனால் உருவம் தங்கிவிட்டது. வயது தங்கவில்லை. நாளைக்கே அறுங்கள்.

---

பரங்கிப்பூ | திங்கள், இரவு 8.30

நடுவில் வந்து கெடுக்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் பரங்கிக்கொடியும் முலாம்பழக்கொடியும் இருக்கின்றன. இதே கணக்கு இவற்றுக்கும் பொருந்துமா?

---

வேலிப்படல் | திங்கள், இரவு 9.10

முலாம்பழம் பிழைக்கத் தெரியாதவர்களுக்காகவே படைக்கப்பட்டது, அக்கா. வலைத்தோல் ரகம் என்றால் வலைக்கு இடையே இருக்கும் பச்சை மஞ்சளாகும். காம்பைச் சுற்றி மெல்லிய வெடிப்பு வட்டம் விழும். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் காம்பு தானாகக் கழன்று வரும், பழத்தில் சுத்தமான குழி இருக்கும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பூ இருந்த முனையை மோந்து பார்த்தால் மணம் வேறு சொல்லிவிடும். ஆனால் வழவழத் தோல் ஹனிட்யூ ரகங்கள் காம்பை விடாது. கழலும் என்று காத்திருந்தால் கொடியிலேயே அழுகிவிடும், கத்தியால்தான் அறுக்க வேண்டும்.

---

விதைநெல் | திங்கள், இரவு 9.45

முலாம்பழம் அறுத்த பிறகு மிருதுவாகும், மணம் கூடும், இனிப்பு கூடாது. அதுவும் மாவு சேமிக்காத சாதிதான்.

பரங்கி நேர்மாறு. அது மாவைச் சேமித்து வைத்திருக்கிறது. அறுத்து வைத்திருந்தால் மாவு மெல்ல மெல்லச் சர்க்கரையாகும், அறுத்த அன்றைவிட ஒரு மாதம் கழித்து அதிகமாக இனிக்கும். ஆனால் முற்றிய பிறகு அறுக்க வேண்டும். காம்பு பச்சை மாறித் தக்கை மாதிரி இறுகியிருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைத் தோலில் அழுத்துங்கள். கீறல் விழுந்தால் விட்டுவிடுங்கள், நகம் வழுக்கினால் அறுங்கள். காம்பை நாலு விரல் நீளம் விட்டு அறுத்து, காம்பைப் பிடித்துத் தூக்காமல், 27–30 பாகை வெப்பத்தில் காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் வைத்தால் தோல் இறுகும். அப்புறம் மாதக்கணக்கில் கெடாது.

---

சும்மா_பார்க்கிறேன் | செவ்வாய், காலை 7.15

எங்கோ ஒரு படம் சுற்றுகிறதே, நீளமான தர்பூசணி ஆணாம், உருண்டையானது பெண்ணாம், பெண் பழம்தான் இனிக்குமாம். தொட்டிச்செடி, உங்கள் மூன்றில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?

---

விதைநெல் | செவ்வாய், காலை 7.50

பூவில்தான் ஆண், பெண். பழம் எல்லாமே பெண் பூவிலிருந்து வந்தது. நீளமும் உருண்டையும் ரகத்தின் குணம். ஒரே காயில் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பியிருந்தால் அது வேறு விஷயம், மகரந்தம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் வெள்ளரி இருந்ததால் தர்பூசணி சப்பென்று ஆனது என்பதும் இதே ரகக் கதைதான். வெள்ளரி மகரந்தம் தர்பூசணியில் பிடிக்கவே பிடிக்காது.

---

தொட்டிச்செடி | செவ்வாய், இரவு 8.20

சின்னதை அறுத்தாகிவிட்டது. வெட்டுவதற்கு முன் ஒரு விளையாட்டு. மூன்று காயையும் அதது இருந்த இடத்திலேயே தட்டி ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தேன். எது எது என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருக்கிறேன். கொடிக்கால் ஐயா சொல்லட்டும்.

---

கொடிக்கால் | செவ்வாய், இரவு 9.05

இரண்டாவது போய்விட்டது, ‘தொப்’. ஒன்றாவது பழம், நாளைக்கே அறுக்கலாம். மூன்றாவது பச்சைக்காய், இன்னும் பத்து நாள் தொடாதீர்கள். பந்தயம் கட்டத் தயார்.

---

தொட்டிச்செடி | செவ்வாய், இரவு 9.30

இரண்டாவது சின்னதுதான்! ஐயாவுக்கு ஒரு வணக்கம். உள்ளே நல்ல சிவப்பு, விதையெல்லாம் கறுப்பு. ஆனால் விதையைச் சுற்றிச் சதை விலகி இடைவெளி விழுந்திருக்கிறது. கடித்தால் மொறுமொறுப்பு இல்லை, மணல் மாதிரி கரைகிறது. இனிப்பு இருக்கிறது, சாப்பிடலாம். பத்து நாள் முன்னால் இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இலையை விலக்கிப் பார்க்காத பாவம்.

மற்ற இரண்டையும் அறுத்த பிறகு சொல்கிறேன்.

---

விதைநெல் | புதன், காலை 8.00

ஒளிவிலகல்மானி எங்காவது கிடைத்தால் பெரியதை அறுக்கும்போது அளந்து பாருங்கள். சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையைப் பிரிக்ஸ் அளவில் காட்டும். 10க்கு மேல் வந்தால் மிக நல்ல பழம், 8 வந்தால் சுமார் ரகத்தில் சேர்த்தி.

---

தொட்டிச்செடி | புதன், காலை 8.25

அட, அது எங்கள் லேத் பட்டறையில் இருக்கிறதே! கூலண்டில் எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே பிரிக்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. எதற்கு அந்தப் பெயர் என்று இத்தனை வருடம் யோசித்ததில்லை.

---

விதைநெல் | புதன், காலை 8.31

அதேதான். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டுச் சுழியத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அளந்த சொட்டை மறந்தும் நக்கிவிடாதீர்கள்.

பழத்தின் நட்டநடுவிலிருந்து ஒன்று, தோல் ஓரத்திலிருந்து ஒன்று என்று இரண்டு இடத்தில் அளங்கள். நடுவில்தான் இனிப்பு அதிகம். ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டுப் பழத்தைத் திட்டாதீர்கள்.

---

நாட்குறிப்பு | புதன், காலை 9.10

தண்ணீரை மறந்துவிட்டோம். அறுப்பதற்கு முந்திய ஒரு வாரம், பத்து நாள் தண்ணீரைக் குறையுங்கள். நிறுத்தக் கூடாது, தொட்டிக்கொடி செத்துவிடும். மதியம் இலை வாடினால் பரவாயில்லை, மறுநாள் காலையிலும் வாடியே இருந்தால் ஊற்ற வேண்டும். இத்தனை நாள் காயவிட்டு ஒரேயடியாகக் கொட்டினீர்களென்றால் தோல் தாங்காது, பிளந்துவிடும். நீங்கள் ஊரில் இல்லாத ஆறு நாளுக்கு யார் ஊற்றப்போகிறார்கள்?

---

தொட்டிச்செடி | புதன், காலை 9.18

பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறேன். தினம் அரை வாளி.

---

தொட்டிச்செடி | வியாழன், இரவு 8.50

பெரியதை அறுத்தேன். 37 நாள். சுருள் கணு வரைக்கும் காய்ந்திருந்தது, தோல் மங்கியிருந்தது. கத்தி நுனி உள்ளே இறங்கியதுமே ‘பர்ர்ர்’ என்று தானாகவே முன்னால் விரிசல் ஓடியது. வீட்டில் எல்லோரும் சமையலறைக்கு ஓடி வந்துவிட்டார்கள். சிவப்பு, கறுப்பு விதை, நடுவில் துளி வெடிப்பு இல்லை. நடுவில் பிரிக்ஸ் 11.5, தோல் ஓரத்தில் 8. என் பையன் தோலில் பச்சை தெரியும் வரை சுரண்டிவிட்டான்.

நாட்குறிப்பு அக்கா, 999க்கு நன்றி.

---

நாட்குறிப்பு | வியாழன், இரவு 9.05

மகிழ்ச்சி. பாதியை மூடி குளிர்பெட்டியில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். ஒருவேளை முழுப்பழம் மிச்சமிருந்தால் குளிர்பெட்டி வேண்டாம், 10 முதல் 15 பாகைக்குள் குளுமையான இடத்தில் இரண்டு வாரம் தாங்கும். அதற்கும் கீழே போனால் தோலில் குழி விழுந்து சுவை கெடும்.

---

தொட்டிச்செடி | அடுத்த புதன், இரவு 10.10

வந்து சேர்ந்தேன். செங்கல்காரர் பிளந்து கிடக்கிறார்.

காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரே பிளவு, உள்ளே எறும்பு. விசாரித்தேன். செடி வாடுகிறதே என்று பாவப்பட்டுத் திங்கட்கிழமை குழாயைத் திறந்து தொட்டியில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போயிருக்கிறார்கள். நல்ல மனசுக்காரர்கள், என்ன சொல்ல முடியும்?

சாப்பிட மனமில்லை. ஆனால் எறும்பு எட்டாத இடத்தில் ஒரு துண்டு எடுத்து அளந்தேன். நடுவிலேயே 9தான். நிறம் ரோஜாவுக்கும் சிவப்புக்கும் நடுவில், விதை பழுப்பு. பிளந்த அன்று 37 நாள்தான், பெரியது அறுத்த அதே வயது.

---

விதைநெல் | அடுத்த புதன், இரவு 10.35

தண்ணீர் ஏறியதில் நீர்த்தும் போயிருக்கும். ஒரே கொடியில் பெரியதோடு பங்குபோட்ட காய் வேறு. அதை அறுத்த பிறகுதான் கொடியின் கவனம் முழுக்க இதன் பக்கம் திரும்பியிருக்கும், அதற்குள் வெடித்துவிட்டது. பிளக்காமல் இருந்திருந்தால் இன்னும் மூன்று நான்கு நாள் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

---

சும்மா_பார்க்கிறேன் | வியாழன், காலை 7.00

எல்லாம் இருக்கட்டும், பந்தயம் என்ன ஆயிற்று? ஒலி ஒன்றும் மூன்றும் எது எது?

---

தொட்டிச்செடி | வியாழன், காலை 7.20

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஐயா கோபப்படக் கூடாது. ‘பழம், நாளைக்கே அறுக்கலாம்’ என்று சொன்ன ஒன்றாவது ஒலி, செங்கல் மேல் இருந்தது. ‘பச்சைக்காய், பத்து நாள் தொடாதே’ என்ற மூன்றாவதுதான் நாங்கள் பையனோடு சண்டை போட்டுச் சாப்பிட்ட 11.5.

---

நாட்குறிப்பு | வியாழன், காலை 7.26

நான் ஒன்றும் சொல்லவில்லை.

---

கொடிக்கால் | வியாழன், காலை 8.40

தம்பி, தொங்கிக்கொண்டிருக்கும் பழத்தைத் தட்டினால் கோயில் மணி மாதிரிதான் அடிக்கும். செங்கல் மேல் வைத்துத் தட்டினால் செங்கல்தான் பேசும். மூன்றையும் மடியில் வைத்துத் தட்டிப் பதிவு பண்ணியிருக்க வேண்டும். கொடியோடு இருப்பதை எப்படி மடியில் வைப்பது என்று கேட்காதீர்கள், நான் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தட்டுவேன்.

அடுத்த பட்டத்துக்கு விதை போடும்போது சொல்லுங்கள். பந்தயம் இன்னும் முடியவில்லை.